புத்தூரின் குப்பி

அத்தியாயம் ஆறு

சித்தூரிலிருந்து ரேணிகுண்டாவுக்கு எண்பது கிலோமீட்டர்தான். சுலோசனா அக்காவின் காரில் போனால் அது இருநூறாகத் தெரியும். ஏ.சி. செத்து இரண்டு கோடை ஆகிவிட்டது. முன்னால் மாங்கூழ்த் தொழிற்சாலைக்குப் போகிற லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. பின்சீட்டில் எங்கள் கட்சிக்காரர் சின்னசாமி அழுதுகொண்டிருந்தார். அழுகிற ஆளைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டுவது எனக்குப் புதிதில்லை. இந்தத் தொழிலில் எங்களைத் தேடி எவன் சிரித்துக்கொண்டு வந்திருக்கிறான்?

என் பெயர் சிட்டிபாபு. வயது நாற்பத்தெட்டு. எங்கள் துப்பறியும் ஆபீசில் டிரைவர், உதவியாளர், டீ வாங்கி வருகிறவன் எல்லாம் நான் ஒருவனே. சுலோசனா அக்கா முப்பது வருஷம் போலீஸ் கைரேகைப் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர். ரிடையர் ஆன அன்றைக்கே வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். நானும் ஆட்டோ ஓட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

சின்னசாமி நகரிப் பக்கத்து மாந்தோப்புக்காரர். அவர் மகள் தரணி, ரேணிகுண்டாவில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியில் லேப் டெக்னீஷியன். நேற்றுக் காலை அந்தக் கம்பெனியின் மூத்த விஞ்ஞானி ரங்கையா தன் மேசையிலேயே சரிந்து செத்துப் போனார். தினமும் காலையில் ஒரு சின்னக் குப்பியிலிருந்து பத்துச் சொட்டு தண்ணீரில் விட்டுக் குடிப்பது அவர் வழக்கம். நேற்றும் குடித்தார். ஐந்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. குப்பியின் மேல் ஒட்டியிருந்த லேபிளில் தமிழ் எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: 'குடி'. எழுதியது தரணி.

எஸ்.ஐ.க்குத் தமிழ் படிக்க வராது. ஸ்டேஷனில் முனிசாமி என்ற தமிழ்க் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்டிருக்கிறார். முனிசாமி 'தாகு' என்று தெலுங்கில் எழுதிக் கொடுத்துவிட்டான். குப்பியில் விஷம், மேலே 'குடி' என்று கட்டளை. நேற்றுச் சாயங்காலமே தரணியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்றைக்கு ஐந்து மணிக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டால் கொலை வழக்கு, ரிமாண்ட். அதற்கப்புறம் வெளியே வர எத்தனை வருஷமோ, யாருக்குத் தெரியும்?

"ஒரே கேள்விதாம்மா கேட்டாங்களாம்" என்றார் சின்னசாமி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இது உன் எழுத்தான்னு. ஆமான்னு சொல்லிட்ச்சி. அத்தோட எழுதிக்கினாங்க. 'சார் சொன்னதத்தான் எழுதினேன், சார் சொன்னதத்தான் எழுதினேன்'னு அழுதுக்கினே கீதாம். என்னை உள்ளயே உடல."

அக்கா திரும்பிப் பார்த்தார். "சார் சொன்னதா? தனக்கே விஷத்த ஊத்திக்கினு, 'குடி'ன்னு எழுதி ஒட்டுன்னு அவரே சொன்னாரா?"

"ரொம்பப் படிச்சவங்க அப்டியும் சொல்லுவாங்கக்கா" என்றேன்.

அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டார். அவருக்கு முழங்கால் வலித்தால் எனக்கு வாய் அடங்கிவிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு.

ரேணிகுண்டா தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிந்தது. இளநீர்க்காரர் ஒருவரிடம் கம்பெனிக்கு வழி கேட்டேன். "நேருகா வெள்ளி குடி வைப்பு திரகண்டி" என்று அரிவாளால் காட்டினார். நான் வலது பக்கம் திருப்பினேன்.

"நிறுத்து" என்றார் அக்கா.

"இன்னாக்கா, சரியாத்தான் திரும்பினேன்."

"அந்த ஆள் இன்னா சொன்னாரு?"

"நேரா போயி குடி வைப்பு திரும்புன்னாரு. ரைட்டுல..."

அதோடு என் வாய் நின்றுவிட்டது. சின்னசாமிகூட அழுகையை நிறுத்தியிருந்தார். நாங்கள் மூன்று பேரும் பிறந்ததிலிருந்து இரண்டு பாஷையும் பேசுகிறவர்கள். வீட்டில் 'குடி' என்றால் குடிக்கச் சொல்வது, பஸ் ஸ்டாண்டில் 'குடி' என்றால் வலது பக்கம். ஒருநாளும் குழம்பியதில்லை. ஆனால் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டியதும் மூன்று பேர் மண்டையும் தமிழிலேயே நின்றுவிட்டது.

"பொண்ணு உண்மையத்தான் சொல்லிக்கீது" என்றார் அக்கா. "சார் தெலுங்குல சொன்னாரு. இவ காதுல உழுந்தத தமிழ் எழுத்துல எழுதிட்டா. குடின்னா வலது. அந்த முனிசாமி லேபிளைச் சும்மா சத்தமா படிச்சிருந்தா போதும், எஸ்.ஐ.க்கே புரிஞ்சிருக்கும். தெலுங்கு வார்த்தைய தெலுங்குலயே மொழிபெயர்த்திருக்கான், புண்ணியவான்."

"அவனுக்கு ஒரு சால்வை போத்தணும்க்கா."

"வலதுன்னு குப்பியில எதுக்கு எழுதணும்? போ, கேப்போம்."

கம்பெனியில் எங்களை முதலில் மடக்கியவன் மேனேஜர் அஷ்வின். முப்பத்தைந்து வயது இருக்கும். சென்னைக்காரன். இஸ்திரி கலையாத சட்டை. இந்த வெயிலில் கலையாத சட்டையைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

"மேடம், நான் வந்தே ரெண்டு மாசம்தான் ஆகுது" என்றான். "எனக்குத் தெலுங்கு சுத்தமா வராது. 'பாகுன்னாரா'வுக்கு மேல ஒண்ணும் தெரியாது. லேப் விஷயமெல்லாம் யாமினியைக் கேளுங்க."

யாமினி இளம் விஞ்ஞானி. கடப்பாவிலிருந்து வந்த பெண். தமிழ் பேசினால் புரிந்துகொள்வாள், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. அவள் தெலுங்கில் சொன்னதை நான் தமிழில் தருகிறேன்.

"அந்த மருந்தின் பெயர் புத்தூரின்" என்றாள்.

"புத்தூரின்... இன்னா? பாதியில நிறுத்திட்டியேம்மா."

"அவ்வளவுதான் அண்ணா. பெயரே புத்தூரின்."

புத்தூர் மலையடிவாரத்துக் கரையான் புற்றுகளில் முளைக்கிற ஒரு காளானிலிருந்து ரங்கையா எடுத்த சத்து அது. மூட்டு வீக்கத்தை அடக்கும். ஆனால் ஒரு மூட்டைக் காளானைப் பிழிந்தால் கால் ஸ்பூன்தான் கிடைக்கும். எனவே அதே சத்தைக் காளானே இல்லாமல், குடுவையில் ரசாயனங்களைச் சேர்த்துச் செய்யக் கிளம்பினார். ஒன்பது வருஷ வேலை.

"செய்து முடித்தார். அப்புறம்தான் தொல்லை ஆரம்பித்தது" என்றாள் யாமினி. "செருப்பில் இடது கால், வலது கால் என்று இருக்கிறதில்லையா? இந்தச் சத்தும் அப்படித்தான். காளான் வலது கால் செருப்பு மட்டும்தான் செய்யும். ஒருநாளும் தப்பாது. நாம் குடுவையில் செய்தால் இடது பாதி, வலது பாதி என்று கலந்தே வரும்."

"திருமலையில செருப்பு உடற எடம் மாதிரி" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். உடனே ரங்கையா ஞாபகம் வந்திருக்க வேண்டும், கண் கலங்கியது. "வலது மருந்து. இடது, எலிக்குக் கொடுத்தால் இருதயம் நின்றுவிடும். இரண்டையும் பிரிக்க சாருக்கு நாலு வருஷம் ஆனது. பிரித்த வலதைத் தினமும் அவரே குடிப்பார். நான் குடிக்காததை ஊருக்கு எப்படிக் கொடுப்பேன் என்பார். குப்பிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். எது எது என்று அவர் சொல்லச் சொல்ல தரணி தமிழில் எழுதி ஒட்டுவாள். யாரும் படிக்க முடியாது, பத்திரம் என்று சாருக்கு அதில் ஒரு சந்தோஷம்."

அக்கா எஸ்.ஐ.க்குப் போன் செய்தார். கைரேகைப் பிரிவில் இருந்தபோது அவருடைய இரண்டு கேஸ்களை அக்கா முடித்துக் கொடுத்திருக்கிறார். அந்த நன்றிக்கு, மனுஷன் குப்பியோடு முனிசாமியையும் கூட்டிக்கொண்டு இரண்டரை மணிக்கு வந்தார். அக்கா முனிசாமியிடம் லேபிளைப் படிக்கச் சொன்னார். அர்த்தம் வேண்டாம், படித்தால் போதும் என்றார்.

"குடி" என்று படித்தான் முனிசாமி.

எஸ்.ஐ.யின் கை தன்னாலேயே வலது பக்கம் நீண்டது. அப்படியே முனிசாமியைப் பார்த்த பார்வையை நான் என் எதிரிக்கும் தர மாட்டேன்.

லேப்பில், ஒளி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டும் ஒரு கருவி இருந்தது. நீளக் குழாய், ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் கண் வைக்கும் துளை. வலது சத்தை உள்ளே ஊற்றினால் ஒளி வலப்பக்கம் திரும்பும், இடது என்றால் இடப்பக்கம். யாமினி குப்பியில் மிச்சமிருந்ததை ஊற்றிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"இடது" என்றாள். "வலது என்று எழுதிய குப்பியில் இருப்பது முழுக்க இடது."

"காளான்ல இருந்து எடுக்கச் சொல்லத் தப்பா வந்திருக்குமா?" என்று கேட்டேன்.

"காளானுக்கு இடது செய்யவே தெரியாது அண்ணா. இது குடுவையில் செய்து, பிரித்து வைத்திருந்த இடது. யாரோ வேண்டுமென்றே ஊற்றியிருக்கிறார்கள்."

எஸ்.ஐ. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மேடம், மீரே செப்பாரு கதா. நீங்களே சொன்னீங்க. லேபிளைப் படிக்கணும்னா தமிழ் எழுத்து தெரியணும். புரியணும்னா தெலுங்கு தெரியணும். யாமினிக்கு எழுத்து தெரியாது. அஷ்வினுக்குத் தெலுங்கு தெரியாது. இந்தக் கட்டடத்துல ரெண்டும் தெரிஞ்சது யாரு?"

கதவோரம் நின்றிருந்த சின்னசாமி, "எம் பொண்ணுதான்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

காலையில் அந்தப் பெண் மேல் இருந்தது வெறும் சந்தேகம். நாங்கள் வந்து அதைக் கெட்டியாக்கிக் கொடுத்திருந்தோம். "அக்கா, ரெண்டு பேரும் சித்தூர்லயே இருந்திருக்கலாம்" என்று காதில் சொன்னேன்.

"இருந்திருக்கலாம்" என்றார் அக்கா. அவர் முகத்தில் அவ்வளவு களைப்பை நான் பார்த்ததில்லை. பிறகு, "இடது இருந்த குப்பி எங்க?" என்று கேட்டார்.

யாமினி குளிர்பெட்டியிலிருந்து இன்னொரு குப்பியை எடுத்து வந்தாள். அதில் 'எடம்' என்று எழுதியிருந்தது. கருவியில் ஊற்றினாள். ஒளி எந்தப் பக்கமும் திரும்பவில்லை. வெறும் ஸ்பிரிட்.

"இதுல இருந்தத அதுல ஊத்திட்டு, காலியானது தெரியாம இருக்க ஸ்பிரிட்ட நிரப்பிட்டான்" என்றேன். பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேனே தவிர, அதனால் தரணிக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

அக்கா அந்த லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பழைய குப்பிங்க இருக்கா? போன மாசம், அதுக்கு முந்தின மாசம்?" என்று கேட்டார்.

ஒரு தட்டு நிறைய வந்தது. அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு முனிசாமியைக் கூப்பிட்டார். "தெலுங்குல இடது பக்கத்துக்கு இன்னா சொல்லுவ? தமிழ் எழுத்துல எழுது."

முனிசாமி பயந்துகொண்டே எழுதினான்: 'எடம'.

"அஷ்வினைக் கூப்பிடுங்க."

அஷ்வின் வந்தான். அக்கா தனியே வைத்திருந்த பழைய குப்பியை அவனிடம் நீட்டினார். "தம்பி, கண்ணாடி கொண்டு வரல. இதுல இருக்கறத இந்தத் தாள்ல பெருசா எழுதிக் குடுங்க."

அவன் ஒரு நொடி பார்த்தான், மடமடவென்று எழுதிக் கொடுத்தான். 'எடம்'.

"புள்ளி வெச்சிருக்கீங்களே?" என்றார் அக்கா. "குப்பியில இல்லையே."

"அது ஸ்பெல்லிங் மிஸ்டேக் மேடம். இந்தப் பக்கம் அப்படித்தான் எழுதறாங்க. 'இடம்'னு எழுதத் தெரியாம 'எடம்'னு எழுதறாங்க, அதுலயும் புள்ளிய விட்டுடறாங்க."

"எடம அண்ட்டே லெஃப்ட்டு சார்" என்றான் பின்னாலிருந்து முனிசாமி. நேற்று வர வேண்டிய மொழிபெயர்ப்பு, ஒருநாள் தாமதமாக வந்து சேர்ந்தது.

அக்கா குளிர்பெட்டிக் குப்பியை மேசை மேல் வைத்தார்.

"தரணி ரெண்டு வருஷமா எழுதின லேபிள் இந்தத் தட்டுல கீது. எல்லாத்துலயும் 'எடம'. ஒண்ணுல கூட புள்ளி இல்ல. அவளுக்கு இது தெலுங்கு வார்த்தை, புள்ளி வெச்சா வார்த்தையே மாறிடும். இந்த ஒரு குப்பியில மட்டும் புள்ளி கீது. ஸ்பிரிட்ட ஊத்தறப்ப லேபிள் நனஞ்சிருக்கும். அவ எழுத்த பாத்து அதே மாதிரி இன்னொண்ணு எழுதி ஒட்டியிருக்காங்க. எழுதின ஆளுக்குத் தமிழ் நல்லா தெரியும். தப்பா எழுதினா கைய வெச்சிக்கினு சும்மா இருக்க முடியாத அளவுக்குத் தெரியும். தெலுங்கு தெரியாது."

"எனக்குத் தெலுங்கு தெரியாதுன்னா, எந்தக் குப்பியில எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?" அஷ்வின் குரல் உயர்ந்தது. "தமிழ் எழுத்து, தெலுங்கு அர்த்தம், ரெண்டும் தெரிஞ்சாத்தானே முடியும்!"

"அங்கதாம்ப்பா நாங்களும் ஏமாந்தோம்" என்றார் அக்கா. "ரெண்டு குப்பி. ஒண்ணுல 'குடி'ன்னு எழுதியிருக்கு. நீ தமிழ்ல படிச்ச. சார் குடிக்கிற குப்பி இதுன்னு முடிவு பண்ணின. அப்ப மத்தது குடிக்கக் கூடாதது. எலி செத்த ரிப்போர்ட்டு உன் மேசைக்கு வந்திருக்கும். அர்த்தத்த தப்பா புரிஞ்சிக்கினு, சரியான குப்பிய எடுத்துட்ட."

எஸ்.ஐ. எழுந்து நின்றார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். "லேபிள உரிச்சி எடுங்க. பசை இருக்கற பக்கம் கட்டைவிரல் பதியாம எவனாலயும் லேபிள் ஒட்ட முடியாது. முப்பது வருஷம் அதத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

அஷ்வின் உட்கார்ந்துவிட்டான். கலையாத சட்டையின் முதுகு முழுக்க வேர்த்திருந்தது. அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. அடுத்த மாதம் ஸ்ரீ சிட்டியில் தொழிற்சாலை திறப்பதாக இருந்தது. பெரிய அளவில் செய்யும்போது இடதையும் வலதையும் பிரிக்க முடியவில்லை. பிரிக்காமலே, அளவைக் குறைத்து மாத்திரையாக்கி விற்கலாம் என்பது அஷ்வின் யோசனை. ரங்கையா கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"பாதி மருந்துதானே சார் அது" என்றான் அஷ்வின் எஸ்.ஐ.யிடம், இன்னும் பேரம் பேசுகிறவன் போல. "பாதி நல்லதுதானே செய்யும்."

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. அதற்கும் தெம்பு இல்லை.

ஸ்டேஷனுக்குப் போகும்போது மணி நாலே முக்கால். மாஜிஸ்திரேட்டிடம் கொண்டு போக ஜீப் தயாராக நின்றிருந்தது. எஸ்.ஐ. ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, தரணியை வெளியே விடச் சொன்னார். மன்னிப்பு மாதிரி ஏதோ முணுமுணுத்தார், அது எந்த பாஷை என்று எனக்குப் பிடிபடவில்லை.

தரணி செருப்பில்லாமல் வெளியே வந்தாள். நேற்றிலிருந்து தலை வாரவில்லை. சின்னசாமி ஓடிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாச்சும் துன்னியாம்மா?" என்றார்.

"இல்ல நைனா" என்றாள். எங்களைப் பார்த்தாள். முனிசாமி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான் போலிருக்கிறது. அக்காவிடம் வந்து நின்றாள்.

"சாரு போனதுக்கு அழக்கூட உடலம்மா என்னை" என்றாள். பிறகு, மெதுவாகக் கேட்டாள். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அந்த ஆள் லேபிள அப்டியே பாத்து, புள்ளி வெக்காம எழுதியிருந்தா?"

ஏதாவது ஆறுதலாகச் சொல்லிவிடுங்கள் அக்கா என்று மனசுக்குள் கெஞ்சினேன். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. இந்தப் பெண்ணுக்கு இன்றைக்கு இது போதும்.

அக்கா அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"உன்ன நானே உள்ள அனுப்பியிருப்பேன்" என்றார். "ரெண்டு பாஷையும் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்னு ருசு பண்ணினதே நான்தான். சாட்சிக் கூண்டுலயும் ஏறிச் சொல்லியிருப்பேன்."

தரணி தலையாட்டினாள். அப்பாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு கேட் பக்கம் நடந்தாள். அக்காவுக்கு ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்காவால் தாங்கியிருக்க முடியாது.